மலையே இல்லாத ஊரில மலை கீறுற பிள்ளையள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன கிழமை உங்கட பேப்பரில உள்பக்கத்தில சுற்றாடல் தினச் சித்திரப் போட்டியில பரிசெடுத்த படங்கள் எண்டு நாலு படம் போட்டிருந்தனீங்கள், மாங்குளச் சந்தியில தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருக்கேக்க பாத்தனான், பாத்த உடன எழுதோணும் எண்டு நினைச்சது, நேற்றுத்தான் கைக்கு நேரம் வந்தது. நாலு படத்தில மூண்டில மலை. ரெண்டு மலைக்கு நடுவால சூரியன், மலையில இருந்து ஒரு அருவி, அருவிக்குப் பக்கத்தில ஒரு தென்னை. நாலாவதில ரெண்டு கை உலக உருண்டையத் தாங்கிக்கொண்டு நிக்குது, உருண்டைக்கு மேல ஒரு பனிக்கரடி இருந்து அழுகுது. பரிசெடுத்த நாலு பிள்ளையளும் வன்னிப் பிள்ளையள். வன்னியில எங்கையப்பா மலை? குளக்கட்டில ஏறி நிண்டா அதுதான் எங்களுக்கு உயரம்.

பிள்ளையளில குறை பிடிக்க எழுதேல்ல. அதுகள் பாவம், எதைக் கீறினா பரிசு வரும் எண்டு அதுகளுக்குத் தெரியும், அதைக் கீறுதுகள். நான் கதைக்க வந்தது அந்தப் பரிசைக் குடுக்கிற எங்களைப் பற்றி.

நான் ஆர் எண்டு சொல்லோணும். நான் போர்ட் எழுதுறனான், முப்பது வருசத்துக்கு மேல. கடைப் பேர், பள்ளிக்கூடச் சுவர், கோயில் உபயகாரற்ற பேர், பஸ்சுக்குப் பின்னால 'அம்மா துணை', எல்லாம் எழுதியிருக்கிறன். இடம்பெயர்ந்து ஓடேக்க ஒரு பிரஷ் கட்டும் நீல எனாமல் ரின் ஒண்டும் கொண்டு ஓடினனான், மனுசி இண்டைக்கும் அதைச் சொல்லி ஏசுவா. திரும்பி வந்து குடியேறி ரெண்டு மூண்டு வருசத்துக்குள்ள ஃபிளெக்ஸ் வந்திட்டுது, அதோட எங்கட தொழில் முக்கால்வாசி படுத்திட்டுது. இப்ப சுவர் வேலையும் சில்லறை வேலையும்தான். ஆனபடியா நான் பெரிய ஓவியர் எண்டு நினைச்சுப் படிக்க வேண்டாம், ஆனா இந்தப் பக்கத்தில சனம் ரோட்டில நிண்டு பாக்கிற படங்களில கொஞ்சம் என்ர கையால போனது.

அந்த மலையும் அருவியும் இருக்கே, அதையும் நான்தான் பரப்பினது எண்டு சொல்லலாம். சலூன்காரர் எல்லாரும் கேக்கிறது ஒண்டுதான், 'அண்ணை, பின் சுவரில தண்ணி விழுற மாதிரி ஒண்டு போட்டுவிடுங்கோ'. கலண்டரைப் பாத்து இருபது வருசமா அந்த அருவியக் கீறினனான், நேரில கண்டதில்லை. பாதை திறந்தாப்பிறகு ஒருக்கா சொந்தக்காரற்ற கலியாணத்துக்கு தலவாக்கலைப் பக்கம் போனம், அப்ப வானை நிப்பாட்டி சென் கிளயர் அருவியப் பாத்தன். கலண்டரில பாய்ஞ்ச மாதிரி இல்லை. மேல் கொத்மலை மின்சாரத் திட்டத்துக்கு ஆத்தை மறிச்சவை, அது 2012ல தொடங்கினது, அதுக்குப் பிறகு அணையில இருந்து விடுற தண்ணிதான் அருவியில விழுது எண்டு அந்த ஊர்ப் பெடியன் ஒருத்தன் சொன்னான். எனக்கு ஒரு மாதிரிப் போச்சு. சலூன் சுவரில நான் கீறின அருவி ஒரு நாளும் வத்தாது, அதில ஒரு குறையும் வராது, அதைப் பாத்துக்கொண்டு தலைமயிர் வெட்டுற சனத்துக்கு அங்க நடக்கிறது ஒண்டும் தெரியப்போறதில்லை. அண்டைக்குத்தான் நான் கீறுறது படமா இல்லாட்டி திரைச்சீலையா எண்டு முதல்முதல் யோசிச்சது.

இனி அந்தப் போட்டி நடந்த விழாவுக்கு வாறன். எந்தப் பள்ளிக்கூடம், ஆர் நடத்தினது எண்டு நான் சொல்லமாட்டன், எல்லா இடத்திலயும் இதே கதைதான். மேடையில பின்னால ஒரு பெரிய ஃபிளெக்ஸ், அதுக்கு முன்னால ரெஜிஃபோமில வெட்டின எழுத்து, 'இயற்கையை நேசிப்போம்'. அந்த ரெஜிஃபோம் எழுத்தை வெட்டினது நான்தான். காசுக்கு வெட்டினனான், அதை ஒளிக்கேல்ல. வெட்டின துண்டு துணுக்கெல்லாம் காத்துக்குப் பறந்து பக்கத்துக் குளத்துக்கு மேல கொக்கு இருந்த மாதிரி வெள்ளை வெள்ளையா மிதந்தது. விருந்தாளியளுக்கு பிளாஸ்டிக் போத்தில் தண்ணி. முந்தி இப்பிடி ஒரு விழா எண்டா குருத்தோலை வெட்டித் தோரணம் பின்னுவினம், வாழை கட்டுவினம், மூண்டாம் நாள் எல்லாம் வாடி மாட்டுக்குப் போயிடும். அதைப் பின்னுறதுக்கு ஊரில நாலு கிழவன்மார் இருந்தவை, ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு விதம், ஒருத்தர் கிளி வைப்பார், ஒருத்தர் மீன் வைப்பார். அதைக் கலை எண்டு ஆரும் சொல்லேல்ல, சுற்றாடல் எண்டும் சொல்லேல்ல.

போட்டிக்கு வந்த படங்களைச் சுவரில ஒட்டுற வேலையும் என்னட்டத்தான் வந்தது. அதுக்குள்ள ஒரு படம். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒண்டு பிறிஸ்டல் போர்ட்டில பஸ்டலால கீறினது. இரவு. ஒரு ஆறு, ஆனா தண்ணி இல்லை, ஆத்துக்குள்ள பெரிய பெரிய பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளயும் கொஞ்சம் தண்ணி நிக்குது, ஒவ்வொரு தண்ணிக்குள்ளயும் ஒரு நிலா. ஏழு எட்டு நிலா. கரையில ஒரு ட்ராக்டர், பெட்டியில மண் அரைவாசி ஏத்தியாச்சு, லைட் நூத்திருக்கு. ரெண்டு பேர் மண்வெட்டியோட நிக்கினம், ஒருத்தர் ரோட்டுப் பக்கம் திரும்பிப் பாத்துக்கொண்டு நிக்கிறார். ஆத்தங்கரை மருதமரத்தின்ர வேர் வெளிய வந்து தொங்குது. முப்பது வருசம் பிரஷ் பிடிச்ச நான் அந்தப் பள்ளத்துக்குள்ள நிலா நிக்கும் எண்டு யோசிச்சிருக்க மாட்டன். அதைப் பாக்காத ஆளுக்கு அது வராது. அந்தப் பிள்ளை அங்க நிண்டிருக்கு.

நடுவராக வந்தவை ரெண்டு நிமிசம் அதில நிண்டினம். 'தலைப்பு இயற்கையை நேசிப்போம், இதில இயற்கை எங்க இருக்கு' எண்டார் ஒருத்தர். மற்றவா 'நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒரு மாதிரி நெகட்டிவா இருக்கு, பிள்ளையள் இப்பிடிக் கீறப்படாது' எண்டா. பேந்து அப்பிடியே நடந்து மலைக்குப் போயிட்டினம். நான் சுவருக்குப் பக்கத்தில ரேப் ரோலோட நிண்டனான், வாய் திறக்கேல்ல. அந்த வெப்பிசாரம்தான் இந்தக் கடிதம்.

என்ர மகள் யாழ்ப்பாணத்தில சித்திரம் படிச்சவள். இரவு வந்து இதைச் சொல்ல, அவள் போனை எடுத்து ஒவ்வொண்டாக் காட்டத் தொடங்கினாள், விடிய ரெண்டு மணி மட்டும் கதைச்சம். வெளிநாட்டு ஆக்கள் இந்த வேலையை எப்பிடிச் செய்திருக்கினம் எண்டு. சிலது எனக்குப் பிடிக்கேல்ல. ஒலாஃபர் எலியாசன் எண்ட ஒருத்தர் 2015ல பாரிசில காலநிலை மாநாடு நடக்கேக்க கிரீன்லாந்துப் பக்கத்தில இருந்து 12 பெரிய பனிக்கட்டிப் பாளத்தைக் கொண்டுவந்து சந்தியில மணிக்கூடு மாதிரி வட்டமா வைச்சு உருக விட்டவராம். சனம் தொட்டுப் பாத்துதாம். நல்லதுதான், ஆனா அவ்வளவு தூரத்தில இருந்து குளிரூட்டிக் கொண்டுவாறதுக்கு எரிச்ச எண்ணெய்? எனக்கு என்ர ரெஜிஃபோம் ஞாபகம்தான் வந்தது. மகள் அதுக்கும் கணக்குப் பாத்தவை எண்டாள், நான் விடேல்ல, சண்டை.

பிறகு அக்னஸ் டெனஸ் எண்ட அம்மா. 1982ல நியூயோர்க்கில, பெரிய வங்கியளுக்குப் பக்கத்தில, கட்டடம் கிண்டின மண்ணைக் கொட்டி நிரப்பின காணியில ரெண்டு ஏக்கர் கோதுமை விதைச்சவா. கல்லுப் பொறுக்கி, கையால சால் கிண்டி, நாலு மாதத்தில அறுவடை, ஆயிரம் இறாத்தலுக்கு மேல. அதாவது 450 கிலோ மட்டில. ரெண்டு ஏக்கருக்கு 450 கிலோ எண்டா எங்கட பக்கம் உரக்கடைக் கடன் கட்ட ஏலாது எண்டு சொல்லி நானும் மகளும் சிரிச்சம். ஆனா அந்தப் போட்டோ, முன்னுக்கு விளைஞ்ச கதிர், பின்னுக்கு வானத்துக்கு ஏறின கட்டடம், அதை மறக்க ஏலாது. விலை பேச ஏலாத விலையான காணியில சோத்துக்கு விதைச்சுக் காட்டினது. வயல் நிரவி வீடு கட்டுற இந்த நேரத்தில எங்கட ஆக்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையே இல்லை.

ஆனா என்னை உலுப்பினது ஜோசப் பாய்ஸ் எண்ட ஜெர்மன்காரன்ர வேலை. அதே 1982. காசல் எண்ட பட்டினத்தில ஒரு பெரிய கண்காட்சிக்கு அவரைக் கூப்பிட, மனுசன் கண்காட்சி மண்டபத்துக்கு முன்னால 7000 கருங்கல்லுத் தூண் கொண்டுவந்து குவிச்சவர். ஊர் முழுக்க 7000 ஓக் மரம் நடவேணும், ஒவ்வொரு மரத்துக்குப் பக்கத்திலயும் ஒரு கல்லு நடவேணும், மரம் நட நட கல்லுக் குவியல் குறையும். அதாவது எவ்வளவு வேலை மிச்சம் கிடக்கு எண்டு ஊர்ச்சனத்துக்குக் கண்ணுக்கு முன்னால தெரியும். முடிய அஞ்சு வருசம் எடுத்தது, அதுக்குள்ள 1986ல மனுசன் செத்துப்போனார், 1987ல கடைசி மரத்தை அவற்ற மகன் நட்டவர்.

மகள் இதைப் பெரிய புதுமை எண்டு சொல்லிக்கொண்டிருக்க நான் சொன்னன், பிள்ளை, மரத்துக்குக் கீழ கல்லு வைக்கிறது எங்கட ரோட்டில எத்தனை இடத்தில கிடக்கு? முறிகண்டியில ரோட்டோரப் பிள்ளையார் கோயிலடியில கச்சான் வாங்காமல் ஆர் போறது? முறிகண்டிப் பிள்ளையாரை விடுங்கோ, அவர் பெரிய ஆள். குளக்கட்டு வழிய, காட்டுப்பாதை திரும்புற இடத்தில, ஒரு பாலைக்கு அடியில இல்லாட்டி வீரைக்கு அடியில ஒரு கல்லு, ஒரு சூலம், ஒரு கற்பூரம் எரிச்ச கறுப்பு. அந்த மரத்தில ஆரும் கத்தி வைக்கான். பக்கத்து முதிரை போயிடும், கருங்காலி எப்பவோ போயிட்டுது, அந்த மரம் நிக்கும். கல்லை வைச்ச ஆள் கலைஞரும் இல்லை, பூசகரும் இல்லை, மாடு சாய்ச்சுக்கொண்டு போன ஆரோ ஒருத்தர். பாய்ஸ் ஐயாவுக்கு இது தெரிஞ்சிருந்தா வன்னிக்கு வந்திருப்பார் எண்டு மகளுக்குச் சொன்னன். அவள் சிரிச்சுப்போட்டு 'அப்பா இதை எழுதுங்கோ' எண்டாள்.

மரத்தைக் காப்பாத்தின படம் எண்டு யோசிச்சா இன்னொண்டும் வருது, சொன்னா சில பேருக்குக் கோவம் வரும். நாங்கள் திரும்பி வரேக்க காட்டுக்கரையெல்லாம் சிவப்புப் பலகை, வெள்ளை மண்டையோடு, குறுக்கால ரெண்டு எலும்பு, மூண்டு மொழியில மிதிவெடி. வன்னியில அந்தக் காலத்தில பிள்ளையள் கூடப் பாத்த சித்திரம் அதுதான். அந்தப் பலகை நிண்ட இடத்துக்குள்ள ஒருத்தரும் இறங்கேல்ல, பாலை பழுத்துக் கொட்டினாலும் பொறுக்கப் போகேல்ல, மயிலும் மானும் வந்து நிண்டது. பிறகு வெடி எடுத்து முடிச்சு பலகையைக் கழட்டினாங்கள். எனக்குத் தெரிஞ்ச ஒரு துண்டுக் காட்டில அடுத்த மாரிக்கு முன்னம் நல்ல மரம் ஒண்டும் இல்லை. வெடி எடுத்தது பிழை எண்டு நான் சொல்லேல்ல, என்ர சொந்தத்திலயே கால் போன ஆக்கள் இருக்கினம். அதுக்குப் பிறகு என்னைக் கூப்பிட்டு 'மரங்களை வெட்டாதீர்கள்' எண்டு பத்துப் பலகை எழுதுவிச்சவை. பச்சைக் கரை, மஞ்சள் எழுத்து, ஒரு இலைப் படம். அதை எங்க கொழுவினது தெரியுமோ? மரத்தில ஆணி அடிச்சு. ஒருத்தன் கூட அந்தப் பலகைக்குப் பயப்பிடேல்ல. ரெண்டு பலகையை மரத்தோடயே கொண்டுபோயிட்டாங்கள்.

கொழும்பில இப்ப இதுகள் நல்லா நடக்குதாம். கொழும்புஸ்கோப் எண்ட கலைவிழா 2024 ஜனவரியில காட்டைப் பற்றியே வைச்சது, அதுக்கு முதல் 2019ல கடலைப் பற்றி. எங்கட பக்கத்துப் பிள்ளையளும் போகுதுகள், யாழ்ப்பாணத்து ஜஸ்மின் நிலானி ஜோசப் பேனையால கீறுற வேலியளை மகள் காட்டினாள், அச்சொட்டா எங்கட வேலி, கதியால் துளிர்க்கிறது கூடத் தெரியுது. சந்தோசம்தான். ஆனா காட்டைப் பற்றின படத்தைக் காட்டுக்க இருக்கிற சனம் பாக்கிறதுக்கு எட்டு மணித்தியாலம் பஸ்சில போகவேண்டிக் கிடக்கு. சின்ன வயசில எங்களுக்கு ஓவியக் கண்காட்சி எண்டு ஒண்டு தெரியாது, எங்கட கண்காட்சி காசு நோட்டு. 1979ல வந்த நோட்டுகள் ஞாபகம் இருக்கிற ஆக்களுக்குத் தெரியும், எல்லாத்திலயும் பறவை, பூச்சி, பூ, மிருகம், ஒரு தலைவற்ற தலையும் இல்லை. அப்பாவின்ர சட்டைப் பையில இருந்து எடுத்து வைச்சுப் பாத்துக் கீறிப் பழகினனான், அடியும் வாங்கினனான். அதைக் கீறினது லக்கி சேனநாயக்க எண்டு நான் அறிஞ்சது அவர் 2021ல செத்தாப்பிறகு. தம்புள்ளைப் பக்கம் தன்ர காணியைக் காடாக்கி அதுக்குள்ளயே இருந்து ஆந்தையும் மரமுமாக் கீறின மனுசன். அந்தாள்ர படம் எங்கட வேட்டி மடிக்குள்ள வந்தது, நாங்கள் ஒரு இடத்துக்கும் போகத் தேவையில்லை.

சரி, என்ன செய்யலாம் எண்டு கேப்பியள். நான் போர்ட் எழுதுறவன், எனக்குத் தெரிஞ்சது சுவரும் கோடும். மகள் காட்டின கடைசி ஆள் ஈவ் மோஷர், அவாவும் நியூயோர்க். 2007ல ரோட்டு ரோட்டா நடந்து, விளையாட்டு மைதானத்தில வெள்ளைக் கோடு போடுற வண்டில் இருக்கே, அதைத் தள்ளிக்கொண்டு, கடல் மட்டத்துக்கு 10 அடி மேல எங்க வருமோ அந்த வழியா 70 மைல் மட்டில கோடு போட்டவா. வெள்ளம் வந்தா இது வரைக்கும் வரும் எண்டு. சனம் என்ன கோடு எண்டு கேக்கும், நிண்டு சொல்லுவா, அதுதான் வேலை. அஞ்சு வருசம் கழிச்சு 2012 ஒக்டோபரில சாண்டி புயல் வந்து அந்தக் கோட்டுப் பக்கம் நிறைய இடத்துக்குத் தண்ணி வந்திட்டுது.

எங்களுக்கு 2018 டிசம்பர் வெள்ளம் இருக்கு. இரணைமடுக் குளத்து வான்கதவு திறந்த அந்த இரவு கிளிநொச்சியில ஆருக்கு மறக்கும்? கண்டாவளைப் பக்கம் என்ர தம்பி வீட்டில யன்னல் நிலை மட்டும் நிண்டது. அடுத்த மாதம் போய் சுவருக்குப் பெயின்ற் அடிச்சுக் குடுத்தனான், அந்தச் சேத்துக் கோட்டை நானே அழிச்சனான், இப்ப நினைக்க மடைவேலையா இருக்கு. அதை அப்பிடியே விட்டு மேலால ஒரு நீலக் கோடு இழுத்து திகதியை எழுதியிருக்கோணும். ஒவ்வொரு பள்ளிக்கூடச் சுவரிலயும், மதகிலயும், சங்கக் கடையிலயும் அந்த மட்டத்தில ஒரு நீலக் கோடு. இரண்டு ரின் பெயின்ற்றும் நூலும் மட்டக்குழாயும் போதும். பிள்ளையள் அதுக்குப் பக்கத்தில நிண்டு தங்கட உயரத்தைப் பாக்கும், ஏன் அவ்வளவு தண்ணி வந்தது, ஆத்துக்கரையில மண் இருந்திருந்தா, கரைமரம் நிண்டிருந்தா என்ன நடந்திருக்கும் எண்டு கேக்கும், வாத்திமார் பதில் சொல்லவேண்டி வரும். நான் கூலி இல்லாமல் எழுதித் தாறன், சாமான் மட்டும் ஆரும் தந்தாச் சரி. அனுமதி எடுக்கிறதுதான் பாடு, சுவருக்கு ஒரு கந்தோர், மதகுக்கு ஒரு கந்தோர்.

போட்டி வைக்கிறவைக்கும் ஒரு சொல்லு. அடுத்த வருசம் மண்டபத்துக்க இருத்தித் தலைப்புக் குடுக்காதையுங்கோ. பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு ஒரு குளக்கட்டுக்குப் போங்கோ, ஆத்தங்கரைக்குப் போங்கோ, பனந்தோப்புக்குப் போங்கோ, ஷெல்லில தலை போன பனை இன்னும் நிக்குது தானே, அதில கிளி கூடு வைச்சிருக்கு. காணுறதைக் கீறட்டும். குளம் வடிவா இருந்தா வடிவாக் கீறட்டும், பொலித்தீன் கிடந்தா பொலித்தீனையும் கீறட்டும். வடிவானதை மட்டும் கீறு எண்டு நாங்கள் சொல்லிக் குடுத்தா அதுகள் திரும்பவும் கலண்டருக்குத்தான் போகும்.

கடைசியா அந்தப் பிள்ளையின்ர படம். விழா முடிஞ்சு கழட்டேக்க நான் கேட்டு வாங்கினனான், இப்ப என்ர கொட்டிலில தொங்குது, போர்ட் எழுத வாற ஆக்கள் எல்லாரும் முதல் அதைத்தான் பாக்கினம். போன ஞாயிறு பிள்ளையின்ர தேப்பன் வந்தார். கூலிக்கு மண் ஏத்துற மனுசன், வேற வேலை கிடைச்சா ஏன் இரவில போறார். அரை மணித்தியாலம் ஒண்டும் கதைக்காமல் பாத்துக்கொண்டு நிண்டார். பிறகு ரோட்டுப் பக்கம் பாத்துக்கொண்டு நிக்கிற உருவத்தைக் காட்டி 'இது நான் அண்ணை' எண்டார். பேப்பருக்கு அனுப்பட்டோ எண்டு கேட்டன். அனுப்புங்கோ, ஆனா ஒண்டு செய்து தாங்கோ எண்டு சொன்னார்.

படத்தைப் போட்டோ எடுத்து இதோட அனுப்பியிருக்கிறன். கலர்ப் பக்கத்தில போட்டா நல்லம், கறுப்பு வெள்ளையில போட்டா பள்ளத்துக்குள்ள இருக்கிற நிலா எல்லாம் கல்லு மாதிரித் தெரியும். பிள்ளையின்ர பேரோ பள்ளிக்கூடமோ போடவேண்டாம். ட்ராக்டர் பெட்டிக்குப் பின்னால சின்னதா ஒரு வெள்ளைத் திட்டுத் தெரியும், அது பிள்ளை விட்ட பிழை இல்லை, அந்த இடத்தில நம்பர் எழுதியிருந்தது, தேப்பன் கேட்டதுக்காக நான்தான் பெயின்ற் வைச்சு மூடினனான்.

இப்படிக்கு,
போர்ட் எழுதுற ஒருத்தன்,
மாங்குளம்.